மண்ணில் கிடைத்த துப்பாக்கித் துண்டுகள்: எந்தத் துப்பாக்கி, எந்தக் காலம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மெட்டல் டிடெக்டரோடு ஒரு பழைய பாதையோர வயலில் தேடியபோது உங்களுக்கு நான்கு வகைப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. வளைந்த பித்தளைத் துண்டு ஒன்று, அதன் ஒரு முனையில் காய் போல ஒரு வடிவம். வெளுத்துப்போன ஈயக்குண்டுகள் மூன்று, அதில் ஒன்று நசுங்கியது. இரண்டாக மடித்த சிறிய ஈயத் தகடு ஒன்று. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துருக்கட்டி. இவை எந்தத் துப்பாக்கியைச் சேர்ந்தவை, எந்த ஆண்டு, எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம், அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். தயவுசெய்து எதையும் தேய்க்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் எனக்கும் இதே மாதிரி ஒரு துருக்கட்டி கிடைத்தது. கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். கடைசியில் கையில் மிஞ்சியது, லாக் என்கிற சுடும் பொறியைத் தாங்கும் தகடான லாக் பிளேட் ஒன்றின் வடிவம் மட்டும்தான். ஓரத்தில் ஒரு கிரீடத்தின் அடிப்பாதி மங்கலாகத் தெரிந்தது. அதற்குக் கீழே பெயரோ எழுத்தோ இருந்திருக்கும், அது என் மேஜையில் செந்தூளாகக் கிடந்தது. இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் பழைய மேற்பரப்பு துரு அடுக்குக்குள்தான் தங்கியிருக்கும். பொறித்த எழுத்து இருப்பதும் அந்த அடுக்கில்தான். நாம் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்க்கிறோம், தேடி வந்த எழுத்தையே முதலில் அழித்துவிடுகிறோம். அன்றைக்கு எனக்கு இது தெரியாது, உங்களுக்கு இப்போது தெரியும்.

துருக்கட்டியை வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். மண்ணில் இருந்த உப்பு இரும்புக்குள் ஊறியிருக்கும். வேகமாகக் காய்ந்தால் செதில் செதிலாக உரிந்து விழும். மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அரும்பொருள் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே எடுக்க வழி இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. துருவைத் தொடாமலே உள்ளே இருக்கும் திருகு, ஸ்பிரிங், சில சமயம் பொறித்த எழுத்துகூடத் தெரியும். ஈயக்குண்டின் மேல் உள்ள வெள்ளைப் பூச்சு அதைக் காப்பாற்றுகிற தோல், அதை விட்டுவிடுங்கள். ஈயம் விஷம், தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள். பித்தளைக்கு மென்மையான பிரஷும் வாலைவடி நீரும் போதும். வினிகர், எலுமிச்சை மாதிரிப் புளிப்பான எதையும் அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஆபத்து பற்றியும் ஒரு வார்த்தை. துப்பாக்கிக் குழல் கிடைத்தால் அதற்குள் மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளைக் கெட்டித்த நிலையிலேயே சார்த்தி வைப்பது சாதாரண வழக்கம். கரிமருந்து காய்ந்துவிட்டால் நூறு வருடம் கழித்தும் பற்றும். மெல்லிய மரக்குச்சியைக் குழல் வாய்க்குள் விட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்து, வெளியே பக்கவாட்டில் வைத்து அளந்து பாருங்கள். பின்முனையில் உள்ள தீத்துளைக்குச் சில அங்குலம் முன்பே குச்சி நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. சூடாக்குவது, துளைபோடுவது, ரம்பம் வைப்பது எதுவும் கூடாது. வெடிக்காத தோட்டா, பீரங்கிக் குண்டு, கையெறிகுண்டு போலத் தோன்றும் எதையும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல்துறையைக் கூப்பிடுங்கள்.

சரி, காலத்துக்கு வருவோம். இந்தத் துறையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது ஒன்று: கையில் இருக்கும் துண்டு 'இந்த ஆண்டுக்கு முன் நான் இருந்திருக்க முடியாது' என்று மட்டும்தான் உறுதியாகச் சொல்லும். அந்தத் துப்பாக்கி எப்போது உடைந்தது, எப்போது தொலைந்தது என்பதைத் துண்டு சொல்லாது. துப்பாக்கிக்கு ஆயுள் நீளம். பிரிட்டிஷ் படையில் பிரவுன் பெஸ் என்று பெயரெடுத்த மஸ்கட் (வாய்வழியாகக் கெட்டிக்கும் நீளமான படைத் துப்பாக்கி) வரிசை 1720களில் தொடங்கி 1840கள் வரை, வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியபடியே ஓடியது. அமெரிக்காவின் 1816 மாதிரி மஸ்கட்டுகள் கல்லால் தீப்பற்றும் துப்பாக்கிகளாகப் பிறந்தவை. பின்னாளில் அவற்றை, அடித்தால் வெடிக்கும் சிறு செம்பு மூடியால் தீப்பற்றும் கேப் துப்பாக்கிகளாக மாற்றினார்கள், 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரிலும் அவை சுடப்பட்டன. அந்தப் போர்க்களத்தில் ஒருவருக்கு 1816 மாதிரியின் பித்தளைக் கிண்ணம் (தீப்பற்றவைக்கும் மருந்தைப் போடும் கிண்ணம்) கிடைத்தால் அதன் வயது ஒன்று, அது மண்ணில் விழுந்த காலம் வேறொன்று. பழுது பார்க்கிறவர்களும் எதையும் தூக்கி எறியவில்லை. ஒரு துப்பாக்கியின் விசைக்காப்பை இன்னொன்றில் மாட்டினார்கள், இராணுவம் கழித்த உறுப்புகளை வைத்து வேட்டைத் துப்பாக்கி கட்டினார்கள்.

அதனால் நான் வைத்திருக்கிற வரிசை இது. முதலில் தீமூட்டும் முறை. அடுத்து அந்த உறுப்பு எப்படிச் செய்யப்பட்டது, எப்படி மரத்தோடு மாட்டப்பட்டது. அப்புறம் முத்திரை. கடைசியாகத்தான் அலங்காரம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான முனையைப் பார்த்ததும் படங்களில் அதே போல ஒன்றைத் தேடி, அதன் ஆண்டைத் தங்கள் பொருளுக்கு ஒட்டிவிடுகிறார்கள்.

தீமூட்டும் முறைகளின் வரிசை சுருக்கமாக இப்படி. எரியும் திரியால் பற்றவைக்கும் திரித் துப்பாக்கி 15-ஆம் நூற்றாண்டு. சக்கரம் சுழன்று பொறி கக்கும் வீல்லாக் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும் ஃபிளின்ட்லாக் தன் முழு வடிவத்தை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் பெற்றது. அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-இல் காப்புரிமை வாங்கினார். செம்புக் கேப் 1820களில் பரவியது. உலோகத் தோட்டா 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி. ஆனால் இது எல்லா நாட்டுக்கும் ஒரே கடிகாரம் இல்லை. ஜப்பானுக்கு 1543-இல் போன திரித் துப்பாக்கி அங்கே 19-ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது, இந்தியாவிலும் அப்படித்தான். ஆகவே திரித் துப்பாக்கியின் உறுப்பு கிடைத்தால் உடனே 16-ஆம் நூற்றாண்டு என்று எழுதிவிட முடியாது.

இனி உங்கள் பித்தளைத் துண்டு. தேடுகிறவர்களுக்கு அதிகம் கிடைப்பது பித்தளை உறுப்புகள்தான். இரும்பு கரைந்துவிடும், பித்தளை தங்கிவிடும். அதனால் பித்தளை அணிகலன்கள் கொண்ட துப்பாக்கிதான் அங்கே அதிகம் புழங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. பிரெஞ்சு படைவீரனின் சார்லவில் வகை மஸ்கட்டில் பெரும்பாலும் இரும்பு உறுப்புகள், பிரிட்டிஷ் மஸ்கட்டில் பித்தளை. ஒரே களத்தில் இரண்டு படையும் நின்றிருந்தாலும் இன்றைக்குக் கைக்கு வருவது பிரிட்டிஷ் பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

நீங்கள் சொன்ன அளவையும் வளைவையும் வைத்துப் பார்த்தால் அது விசையைச் சுற்றி இருக்கும் காப்பின் முன்பாதி. ஆனாலும் ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேஜை இழுப்பறைக் கைப்பிடி, குதிரைச் சேணத்தின் கொக்கி, விளக்குத் தண்டின் துண்டு எல்லாமே உடைந்த நிலையில் விசைக்காப்பு போலத்தான் இருக்கும். வித்தியாசம் அடிப்பக்கத்தில் தெரியும். மரத்தோடு ஒட்டி உட்காரும் பக்கம் சொரசொரப்பாக, வார்ப்பு மணலின் தடத்தோடு இருக்கும். யாரும் பார்க்காத பக்கம் என்பதால் அரம் போட்டிருக்க மாட்டார்கள். அதே பக்கத்தில் சின்னக் காது போல ஒரு நீட்டலும் அதில் குறுக்கே ஒரு துளையும் இருந்தால், மரத்துக்குள் ஆணி செருகிப் பிடித்த பழைய முறை. கைப்பிடியில் இந்தக் காது வராது.

முனையின் வடிவம் காலத்துக்கு ஒரு குறிப்புதான், சாட்சியம் இல்லை. பிரவுன் பெஸ் காப்பின் முன்முனையை ஹேசல் கொட்டை என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். உருண்டையான, மொழுக்கென்ற காய். ஓக் மரத்துக் காய் போன்ற முனை 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில வேட்டைத் துப்பாக்கிகளில் நிறைய வரும். அன்னாசிப் பழம் போலக் கட்டம் கட்டமாகச் செதுக்கிய முனை அந்த நூற்றாண்டின் கடைசியையும் 19-இன் தொடக்கத்தையும் சேர்ந்தது. பிரெஞ்சு 1777 மாதிரிக்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு: விசைக்காப்பின் பின்பகுதியில் விரல் பதிய இரண்டு மேடுகள். அதே மாதிரியில் மருந்துக் கிண்ணம் பித்தளையில் இருக்கும். மற்ற உறுப்பெல்லாம் இரும்பாய்க் கரைந்த பிறகும் அந்தக் கிண்ணம் மட்டும் தனியாகக் கிடைக்க வாய்ப்புண்டு.

மற்றப் பித்தளை உறுப்புகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதே வயலில் கிடைக்கலாம். கட்டையின் அடியில் தோளில் பதியும் தகடு பட் பிளேட். பழையது அகலமாகவும் தட்டையாகவும், மேலே ஏறும் நாக்கு நீளமாகவும் படிப்படியாகவும் இருக்கும். பிறைபோல ஆழமாக வளைந்து குறுகியிருந்தால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரைஃபிள். லாக்குக்கு எதிர்ப்பக்கம் திருகுத் தலைகளைத் தாங்கும் தகடு சைடு பிளேட். அதில் துளைகளை எண்ணுங்கள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூன்று திருகு சாதாரணம், பின்னர் இரண்டாகக் குறைந்தது. 1853 மாதிரி என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ரைஃபிள் வந்தபோது தகடே போய், இரண்டு சின்னப் பித்தளைக் குமிழிகள் மட்டும் மிஞ்சின. காதணி போல இருக்கும் அந்தக் குமிழியைப் பொத்தான் என்று நினைத்து ஒதுக்கியவர்கள் பலர். பாம்பு அல்லது டிராகன் வடிவில் வார்த்த சைடு பிளேட் கிடைத்தால் அது வட அமெரிக்கத் தோல் வணிகத்துக்காகச் செய்த துப்பாக்கி. ஹட்சன் பே கம்பெனி விற்றவற்றில் அந்தப் பாம்பு பிரபலம். ஆனால் அதே வடிவம் 18, 19 இரண்டு நூற்றாண்டுகளிலும் ஓடியது. வாங்குகிறவர்கள் அந்தப் பாம்பைப் பார்த்துத்தான் நல்ல துப்பாக்கி என்று நம்பினார்கள், செய்கிறவர்கள் அதை மாற்றவே இல்லை. அலங்காரத்தை வைத்து ஆண்டு சொல்லக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே நல்ல காரணம்.

ராம்ராட் என்கிற கெட்டிக்கும் கோலைத் தாங்கும் குழாய்கள் எளிமையானவை, ஆனால் நிறையச் சொல்லும். உள் விட்டத்தை அளந்து பாருங்கள். மரக்கோல் தடிமன், இரும்புக்கோல் மெல்லியது. பிரிட்டிஷ் படை 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மரத்திலிருந்து இரும்புக்கு மாறியது. குறுகிய குழாய் கிடைத்தால் அதற்கு முன் போகத் தயங்க வேண்டும்.

கட்டையின் கழுத்தில், கட்டைவிரல் படும் இடத்தில் பதிக்கும் சின்னத் தகடு கிடைத்தால் அதை எதற்கும் தேய்த்துவிடாதீர்கள். இராணுவ மஸ்கட்டுகளில் படைப்பிரிவு, கம்பெனி, வரிசை எண் ஆகியவற்றைப் பொறித்தது அங்கேதான். சாய்ந்த வெளிச்சத்தில், டார்ச்சை மேஜையோடு படுக்க வைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் காணாத கீறல் எழும்பி நிற்கும்.

இப்போது துருக்கட்டி. உள்ளங்கை நீளம், ஒரு பக்கம் குறுகி வால் போல முடிகிறது என்றால் லாக் பிளேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். லாக் பிளேட்தான் துப்பாக்கியின் முகம், காலத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் உறுப்பு வேறு இல்லை. அதன் கீழ்விளிம்பைப் பாருங்கள். வாழைப்பழம் போல வால் கீழே வளைந்திருந்தால் 17-ஆம் நூற்றாண்டின் கடைசி முதல் 18-இன் நடு வரை. பிரிட்டிஷ் இராணுவ லாக்குகள் 1750களின் நடுவில் நேர்க்கோட்டு விளிம்புக்கு மாறின. கல்லைக் கவ்வும் சுத்தியல் கூடவே இருந்தால் அதன் கழுத்தைக் கவனியுங்கள். அன்னப்பறவை போல மெல்லிய வளைவு பழையது. நடுவில் வளையம் போலத் துளைவிட்டு வலுப்படுத்திய கழுத்தைப் பிரிட்டிஷ் படை 1809-இல் எடுத்துக்கொண்டது. மெல்லிய கழுத்து முறிந்துபோவதுதான் காரணம். வயலில் முறிந்த அன்னக்கழுத்துகள் கிடைப்பதும் அதனால்தான்.

எக்ஸ்ரேயிலோ பாதுகாப்பாளர் கையிலோ எழுத்து தெரிந்தால் கதை இன்னும் தெளிவாகும். பிரிட்டிஷ் ஆர்ட்னன்ஸ் (படைக்கு ஆயுதம் வாங்கிய அரசுத் துறை) லாக்குகளில் 1764 வரை செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். அதன்பின் பெயரும் ஆண்டும் போய், கிரீடமும், ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜிஆர் எழுத்தும், டவர் என்ற சொல்லும்தான். எனவே டவர் என்று மட்டும் இருந்து ஆண்டு இல்லையென்றால், அந்த ஆண்டு இல்லாததே ஒரு தகவல். 19-ஆம் நூற்றாண்டு என்ஃபீல்டு ரைஃபிள்களில் ஆண்டு திரும்பி வந்தது. அவற்றில் கிரீடத்துக்குக் கீழே விக்டோரியா அரசியைக் குறிக்கும் விஆர் எழுத்து இருந்தால் அரசாங்கத்துக்குச் செய்தது. வெறும் கிரீடம் என்றால் வணிகர்கள் வெளியே விற்கச் செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிகளில் முதலில் இதயம் போன்ற வடிவத்தை நான்காகப் பிரித்து எழுத்துகள் போட்ட வணிகக் குறி இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இடத்துக்குப் பின்னங்காலில் நிற்கும் சிங்கம் வந்தது.

கேப் துப்பாக்கியின் லாக்கில் மருந்துக் கிண்ணமும் இல்லை, அதை மூடும் இரும்பு மடலும் இல்லை. ஆனால் லாக் பிளேட்டின் முன்பாதியில் அடைத்த துளைகளும், கிண்ணம் இருந்த இடத்தில் பிறை வெட்டும் தெரிந்தால் அது கல் துப்பாக்கியாகப் பிறந்து கேப்புக்கு மாறியது. இப்படிப்பட்ட லாக் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். பிறந்த காலம், மாறிய காலம் என்று இரண்டு தேதிகள் ஒரே தகட்டில் இருக்கும்.

உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங், திருகு, தகடு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இரண்டு மூன்று அரக் கீறல்களோ ரோமன் எண்ணோ இருந்தால், அவை கையால் ஒன்றுக்கொன்று பொருத்திய உறுப்புகள். குவியலில் கலந்துவிடாமல் இருக்கத் தொழிலாளி போட்ட அடையாளம் அது. எந்தத் துப்பாக்கியின் உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் சேரும் இயந்திர உற்பத்தி அமெரிக்க அரசு ஆயுதச் சாலைகளில் 1840களிலும், இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆயுதச் சாலையில் 1850களின் கடைசியிலும் நிலைபெற்றது. அதன்பின் அங்கே இந்தக் கீறல்களுக்கு வேலை இல்லை.

ஈயக்குண்டுகளுக்கு ஒரு தராசு போதும். நசுங்கிய குண்டின் விட்டத்தை அளக்க முடியாது, ஆனால் எடை அநேகமாக அப்படியே இருக்கும். எடையைக் கிராமில் எடுத்து 168.4-ஆல் பெருக்கி, வரும் எண்ணுக்குக் கன மூலம் கண்டால் குண்டின் பழைய விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். ஈயத்தின் அடர்த்தி 11.34 என்பதிலிருந்து வரும் கணக்கு இது. நீங்கள் கொடுத்த எடைகளையே போட்டுப் பார்த்தேன். 31 கிராம் உள்ள இரண்டும் ஏறக்குறைய 17.3 மி.மீ. வருகின்றன. நசுங்கிய 24 கிராம் குண்டு 15.9 மி.மீ. பிரவுன் பெஸ்ஸின் குழல் உள்விட்டம் 0.75 அங்குலம், அதாவது 19 மி.மீ. அதற்கான குண்டு 0.69 அங்குலம், ஏறக்குறைய 17.5 மி.மீ. கரிமருந்துப் புகை படிந்து குழல் அடைத்துக்கொள்ளும் என்பதால் குண்டைச் சிறியதாகவே வார்த்தார்கள். சுத்த ஈயம் இல்லாததும் உள்ளே காற்றுக் குமிழி இருப்பதும் எடையைக் கொஞ்சம் குறைக்கும். எனவே உங்கள் பெரிய குண்டுகள் பிரிட்டிஷ் மஸ்கட் அளவுக்குப் பொருந்துகின்றன. மூன்றாவது, 0.69 அங்குலக் குழல் கொண்ட பிரெஞ்சு வகை மஸ்கட்டுக்கும் பொருந்தும், சிறிய குழல் கொண்ட, கார்பைன் என்கிற குட்டைத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும். அதை ஒரு நாட்டின் பெயரில் எழுதிவிடாதீர்கள்.

இரண்டு பெரிய குண்டுகளும் நசுங்காமல் இருக்கின்றன, அதனால் பூதக்கண்ணாடியில் நடுக்கோட்டைத் தேடுங்கள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடும், ஈயம் ஊற்றிய வாயை வெட்டிய தட்டையான இடமும் தெரிந்தால் நிச்சயம் வார்ப்புக் குண்டு. கோடு தெளிவாக இருந்தால் சுடாமல் கீழே விழுந்ததாக இருக்கலாம். பக்கவாட்டில் ஒரு பட்டை போலத் தேய்ந்திருந்தால் குழலுக்குள் போய் வந்தது. மீன்பிடிக்கும் ஈயக்கட்டியில் கயிற்றுக்குத் துளை இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். கூம்பு வடிவக் குண்டு, அடியில் குழிவு என்றால் பேச்சே வேறு: 1849-இல் வந்த மினியே வகை, அதற்கு முன் போக முடியாது. பக்கத்தில் மூன்று வளையக் கோடுகள் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க 0.58 அங்குல வகை. மழமழவென்று இருந்தால் காகிதம் சுற்றிய என்ஃபீல்டு வகையாக இருக்கலாம்.

எனக்கு உங்கள் கண்டெடுப்பிலேயே அதிகம் பிடித்தது அந்த மடித்த ஈயத் தகடுதான். நீங்கள் அதைக் குப்பை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திறந்து நிமிர்த்தாதீர்கள். சிக்கிமுக்கிக் கல்லைச் சுத்தியலின் தாடையில் வைத்துத் திருகை இறுக்கினால் கல் வழுக்கும், அல்லது நொறுங்கும். அதனால் கல்லைச் சுற்றி ஏதாவது மெத்தை வேண்டும். வேட்டைக்காரர்கள் தோல் துண்டு வைத்தார்கள், இராணுவத்தில் ஈயத் தகடு. தோல் மக்கிவிடும், ஈயம் இருக்கும். டிடெக்டருக்குக் கல் தெரியாது, ஆனால் இந்த மடிப்பு தெரியும். உள்பக்கத்தில் கல்லின் விளிம்பு அழுந்திய தடமும், வெளிப்பக்கத்தில் தாடையின் பல் பதிந்த கோடுகளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த இடத்தில் ஃபிளின்ட்லாக் வைத்திருந்த ஒருவர் கல்லை மாற்றியிருக்கிறார். கிடைத்த இடத்தைச் சுற்றி மண்ணைக் கண்ணால் தேடுங்கள். தேன் நிறக் கல் பிரான்சிலிருந்து, கறுப்புக் கல் இங்கிலாந்திலிருந்து வந்திருக்கலாம். ஆங்கிலக் கற்களுக்கு சஃபோக்கின் பிராண்டன் ஊர் பெயர் போனது. கல்லின் நிறம் அதைப் பயன்படுத்தியவரின் நாட்டைக் காட்டாது, ஏனென்றால் பிரெஞ்சுக் கல் எல்லோருக்கும் விற்கப்பட்டது.

முத்திரைகளில், குழல் வெடிக்காமல் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்து அடிக்கும் சோதனை முத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-இல் சாசனம் கிடைத்தது. அதன் குறிகள் கிரீடத்துக்குக் கீழே ஜிபி, கிரீடத்துக்குக் கீழே வி. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, அதன் குறியைக் கண்டால் அந்த ஆண்டுதான் அடித்தளம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரக் குறி முட்டை வடிவத்துக்குள் இஎல்ஜி. அதன் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிற்பட்டது. நாட்டின் பெயரே அடித்திருந்தால், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிந்தைய ஏற்றுமதிப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

புதிய நகல்கள் பற்றியும் கவனமாக இருக்க வேண்டும். 1950களின் கடைசியிலிருந்து இத்தாலியில் பழைய கோல்ட் ரிவால்வர்களின் நகல்கள் ஏராளமாக வந்தன. அவற்றின் பித்தளை விசைக்காப்பு சில பத்தாண்டு மண்ணில் கிடந்தால் நூற்றைம்பது வருடப் பழசு போலவே ஆகிவிடும். பிளாக் பவுடர் ஒன்லி (கரிமருந்து மட்டும்) என்ற எழுத்து எந்தப் பழைய துப்பாக்கியிலும் இருந்ததில்லை, அந்தக் காலத்தில் வேறு மருந்தே கிடையாது. திருகுகளும் காட்டிக்கொடுக்கும். கையால் வெட்டிய பழைய திருகின் பள்ளம் ஒல்லியாக, கொஞ்சம் நடு தவறி இருக்கும். மரத் திருகின் முனை 1840களுக்கு முன் மொட்டை, பின்னர்தான் கூர்மை. தலையில் கூட்டல் குறிப் பள்ளம் இருந்தால் 1930களுக்குப் பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

தோட்டா உறைகள் அதே இடத்தில் கிடைத்தால் அடிப்பகுதி எழுத்தைப் பாருங்கள். அதுதான் மிக எளிய தேதி. அமெரிக்காவின் ஃபிராங்ஃபோர்டு ஆயுதச் சாலை 1877 முதல் மாதத்தையும் ஆண்டையும் அடித்தது. பிரிட்டிஷ் படையின் ஸ்னைடர், மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளின் ஆரம்பத் தோட்டாக்கள் மெல்லிய பித்தளைத் தாளைச் சுருட்டி, இரும்பு அடித்தட்டு வைத்துச் செய்தவை. நசுங்கிக் கசங்கிய தாள் போலக் கிடைக்கும். ஸ்னைடர் 1866, மார்ட்டினி ஹென்றி 1871, அதற்கு முன் அவை இல்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தேடக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடங்களில் தேடவே கூடாது. கண்டெடுத்ததை அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதும், பழைய குழல் ஆயுதமாகக் கணக்கில் வருமா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1898 வரை செய்தவை பழம்பொருள் என்ற எல்லை 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. அதை வேறு நாட்டில் இருப்பவர் தனக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆக, உங்கள் நான்கு பொருள்களையும் சேர்த்து வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவு. மடித்த ஈயத்தில் தாடைத் தடம் இருந்தால் அங்கே ஒரு ஃபிளின்ட்லாக் இருந்தது, அநேகமாக இராணுவ வகை. பெரிய குண்டுகளும், உருண்டையாக மொழுக்கென்று இருந்தால் அந்தக் காய் முனையும், பிரிட்டிஷ் பிரவுன் பெஸ் குடும்பத்தை நோக்கிக் கை காட்டுகின்றன, அதாவது 1720களுக்கு முன் இல்லை. மேல் எல்லையை இப்போதைக்குத் திறந்தே வையுங்கள், கழித்த மஸ்கட்டுகளை மக்கள் வெகுகாலம் வைத்திருந்தார்கள். அதற்குள் எந்தக் காலம் என்பதைத் துருக்கட்டியின் எக்ஸ்ரேதான் முடிவு செய்யும்: விளிம்பு வளைவா நேரா, ஆண்டு இருக்கிறதா, சுத்தியலின் கழுத்து எப்படி. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நான்கும் வயலில் எங்கெங்கே, எத்தனை அடி இடைவெளியில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தன என்பதை நினைவு இருக்கும்போதே ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் எண் போட்டு வையுங்கள். பித்தளைக் காப்பும் துருக்கட்டியும் இரண்டு மூன்று அடிக்குள் கிடந்திருந்தால் அவை ஒரே துப்பாக்கியாக இருக்க வாய்ப்புண்டு. வயலின் இரு மூலைகளில் கிடந்திருந்தால் நான் மேலே சொன்னதில் பாதியைத் தனித்தனியாக மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். அந்த வரைபடத்தையும், பித்தளைத் துண்டின் அடிப்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.